மீதியைப் பாருங்கள்: முடிவுறு தசமமும் சுழல் தசமமும்

கேரள எல்லையோரத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஏக்கர் தென்னந்தோப்பை அண்ணன் தம்பி மூன்று பேர் பாகம் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 100 சென்ட். மூன்றால் வகுத்து ஆளுக்கு 33.33 சென்ட் என்று எழுதிவிடலாம். எழுதியதைக் கூட்டினால் 99.99தான் வரும். 0.01 சென்ட்டைக் காணோம். சென்ட்டுக்கு 435.6 சதுர அடி, ஆக விடுபட்டது 4.356 சதுர அடி. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற இடம். பங்காளிச் சண்டைக்கு அதுவே தாராளம்.

இப்போது அதே தோப்பைச் சதுர அடியில் பிரியுங்கள். மொத்தம் 43,560. மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 14,520, மீதி சுழி. சென்ட்டில் நிற்காமல் ஓடுகிற கணக்கு சதுர அடியில் நின்றுவிடுகிறது. நிலம் மாறவில்லை, பங்காளிகளும் மாறவில்லை. இது ஏன் என்று சொல்லத் தெரிந்துவிட்டால் முடிவுறு தசமமும் சுழல் தசமமும் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏழாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கும், படிப்பை விட்டுப் பல வருஷம் கழித்துப் போட்டித் தேர்வுக்குப் புத்தகத்தைத் திறக்கிறவர்களுக்கும் இது பயன்படும். பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. எல்லையோரத்தில் மலையாள வழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இவற்றை அம்சம், சேதம் என்று படித்திருப்பார்கள். நீள்வகுத்தல் தெரிந்தால் போதும், வேறு முன்தயாரிப்பு வேண்டாம்.

முதலில் வகுத்துப் பழகுங்கள்

பின்னம் என்பது போடாமல் நிறுத்தி வைத்த வகுத்தல். 3/8 என்றால் 3-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும். நோட்டில் வகுக்கும்போது வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, ஒவ்வொரு தடவையும் வரும் மீதியை அங்கே எழுதிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஈவை மட்டும் பார்த்துக்கொண்டு, மீதியை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். விஷயம் முழுக்க அந்த மீதியில்தான் இருக்கிறது.

3-இல் 8 போகாது. சுழி, புள்ளி. 3-ஐ 30 ஆக்குகிறோம்.

30-இல் 8 மூன்று தடவை, மீதி 6
60-இல் 8 ஏழு தடவை, மீதி 4
40-இல் 8 ஐந்து தடவை, மீதி 0

மீதி சுழி ஆனதும் வேலை முடிந்தது. 3/8 = 0.375. இது முடிவுறு தசமம்.

அடுத்து 1/7. இதை அவசரப்படாமல் கையால் போடுங்கள்.

10-இல் 7 ஒரு தடவை, மீதி 3
30-இல் 7 நான்கு தடவை, மீதி 2
20-இல் 7 இரண்டு தடவை, மீதி 6
60-இல் 7 எட்டு தடவை, மீதி 4
40-இல் 7 ஐந்து தடவை, மீதி 5
50-இல் 7 ஏழு தடவை, மீதி 1

இங்கே நிறுத்தி ஓரத்தைப் பாருங்கள். தொடங்கியது 1-இல், இப்போது மீதியும் 1. அடுத்த வரியில் மறுபடி 10-ஐத்தான் 7-ஆல் வகுக்கப் போகிறீர்கள். அப்புறம் 30, அப்புறம் 20, எல்லாம் பழைய வரிசையே. அதனால் விடை 0.142857142857… என்று சுற்றிக்கொண்டே இருக்கும். இது சுழல் தசமம். சுழலும் இலக்கங்களுக்கு மேலே கோடு போடுவது பாடநூல் வழக்கம். தட்டச்சில் அந்தக் கோடு இடம் மாறிப் போவதால் நான் அடைப்புக்குறி போடுகிறேன்: 1/7 = 0.(142857).

மீதி திரும்பி வந்தே தீருமா? 7-ஆல் வகுத்தால் மீதி 7-க்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். சுழி வந்தால் கணக்கு நின்றுவிடும். சுழியை விட்டால் மிச்சம் 1, 2, 3, 4, 5, 6 என்று ஆறே எண்கள். ஏழாவது வரிக்குப் புது மீதி கிடைக்க வழியே இல்லை, ஏற்கெனவே வந்த ஒன்றுதான் வந்தாக வேண்டும். பகுதி 7 என்றாலும் 7000 என்றாலும் இதே நியாயம்தான். ஆகவே எந்தப் பின்னத்தை வகுத்தாலும் நடப்பது இரண்டில் ஒன்று: மீதி சுழியாகும், அல்லது பழைய மீதி திரும்பும். மூன்றாவது வழி கிடையாது.

ஓரத்தில் எழுதிய மீதி வரிசை கையில் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. 2/7 வேண்டுமா? மேலே மீதி 2 வந்த இடத்திலிருந்து படியுங்கள்: 2, 8, 5, 7, 1, 4. ஆக 2/7 = 0.(285714). 3/7-க்கு மீதி 3-இலிருந்து: 0.(428571). புதிதாக வகுக்கவே வேண்டாம்.

சுழற்சியின் நீளம் பகுதியைவிட எப்போதும் குறைவுதான், ஆனால் இத்தனை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. 7-க்கு ஆறு மீதிகளும் வந்தன. 13-க்குப் பன்னிரண்டு மீதிகள் வரலாம், ஆனால் 1/13 = 0.(076923), ஆறிலேயே சுற்று முடிகிறது. 1/11 = 0.(09), இரண்டே இலக்கம். 1/37 = 0.(027), மூன்று. 2, 5 தவிர்த்த பகா எண் எதுவானாலும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணைச் சுழற்சி நீளம் மீதியின்றி வகுக்கும். 13-க்கு 12, அதை 6 வகுக்கிறது. 37-க்கு 36, அதை 3 வகுக்கிறது. இதற்கான நிரூபணம் மேல்வகுப்பு விஷயம். இப்போதைக்குச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுக்காமலே கண்டுபிடிக்க

தேர்வில் ‘வகுக்காமல் கூறுக’ என்றுதான் கேட்பார்கள். அதற்கு ஒரு கேள்வி போதும்: இந்தப் பின்னத்தின் பகுதியை 10, 100, 1000 என்று ஏதாவது ஒன்றாக மாற்ற முடியுமா? 0.375 என்றால் 375/1000. முடிகிற தசமம் எல்லாமே இப்படிப் பத்து, நூறு, ஆயிரத்தின் மேல் உட்கார்ந்த பின்னம்தான். 10 என்பது 2 × 5. நூறு, ஆயிரம், லட்சம் எதை உடைத்தாலும் உள்ளே 2-உம் 5-உம் மட்டுமே இருக்கும். ஆகவே பகுதியின் பகாக் காரணிகளில் 2-உம் 5-உம் தவிர வேறு எதுவும் இல்லாவிட்டால் முடியும். 3, 7, 11 என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் சுழலும்.

3/40-ஐப் பாருங்கள். 40 = 2 × 2 × 2 × 5. மூன்று இரண்டு, ஒரே ஒரு ஐந்து. ஒவ்வோர் இரண்டுக்கும் ஒரு ஐந்து ஜோடி வேண்டும். இரண்டு ஐந்து குறைகிறது, அதாவது 25. மேலும் கீழும் 25-ஆல் பெருக்கினால் 75/1000, அதாவது 0.075. இதே மாதிரி 7/80: 80-இல் நான்கு இரண்டு, ஓர் ஐந்து. மூன்று ஐந்து குறைகிறது, 125. 875/10000 = 0.0875. புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். இரண்டும் ஐந்தும் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணுங்கள், அதில் எது பெரியதோ அத்தனை இலக்கம். 40-க்கு மூன்று, 80-க்கு நான்கு.

இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு, மார்க் போவதெல்லாம் இங்கேதான். 27/60 கொடுத்தால், 60-இல் 3 இருக்கிறது, சுழலும் என்று எழுதிவிடுவார்கள். சுருக்கிப் பார்த்தால் 9/20. மூன்று அடிபட்டுப் போயிற்று. 0.45, முடிகிறது. எனவே சுருக்கிய பிறகுதான் பகுதியைப் பார்க்க வேண்டும்.

தோப்புக் கணக்கின் ரகசியமும் இதுதான். 100-இல் மூன்று இல்லை, அதனால் 100/3-ஐச் சுருக்க முடியாது, 33.(3) என்று ஓடுகிறது. 43,560-ஐ உடைத்தால் 2 × 2 × 2 × 3 × 3 × 5 × 11 × 11. உள்ளேயே மூன்று இருப்பதால் கீழே இருக்கும் மூன்று அடிபடுகிறது. இதே ஏக்கரைப் பதினொரு பேர் பிரித்தாலும் சதுர அடியில் ஆளுக்கு 3,960 என்று சுத்தமாக வரும். ஏழு பேர் என்றால் இரண்டு அளவிலும் சுழல்தான்.

மா, காணி, முந்திரி

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், போக வேண்டிய இடம்தான். அந்தக் காலத்துக் கணக்கு வாய்பாட்டுச் சுவடியான எண்சுவடியில் வரும் பின்னங்களை வரிசையாக எழுதுங்கள். அரை 1/2, கால் 1/4, அரைக்கால் 1/8, வீசம் என்கிற மாகாணி 1/16, மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. இப்போது பகுதிகளை உடையுங்கள். 16-இல் இரண்டுகள் மட்டும். 20 என்பது 2 × 2 × 5. 80-உம் அப்படியே. 320-இல் ஆறு இரண்டு, ஓர் ஐந்து. இந்த வரிசையில் ஓரிடத்திலாவது மூன்று இல்லை, ஏழு இல்லை. அதனால் எல்லாமே முடிவுறு தசமம். காணி 0.0125, முந்திரி 0.003125. ஆறு இரண்டு இருப்பதால் ஆறு இலக்கம் என்று மேலே சொன்ன விதி இங்கேயும் சரியாக வருகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதை. பழைய மலையாளக் கணக்கிலும் மா, அரைமா, அரைக்காணி எல்லாம் உண்டு. அவற்றின் குறிகள் 2016-இல் கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் சேர்ந்தன, தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் சேர்ந்தன. புள்ளி வைத்து எழுதும் முறை இல்லாத காலத்தில், பாதிக்குப் பாதி வெட்டியும் ஐந்தாகப் பங்கிட்டும் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பின்னங்களே போதுமானவையாக இருந்திருக்கின்றன. மூன்றில் ஒன்றுக்கு இந்த வரிசையில் பேர் இல்லை. ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு இந்த வரிசையையே முதல் பயிற்சியாகக் கொடுக்கலாம். வீட்டில் பாட்டி இருந்தால் ‘வீசம் என்றால் எத்தனை அம்மாயி’ என்று கேட்கச் சொல்லுங்கள், தசமமாக மாற்றும் வேலையைப் பேரப்பிள்ளை செய்யட்டும். அணாவும் ஒரு வீசம்தான், ரூபாயில் பதினாறில் ஒன்று. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாயை நூறாகப் பிரித்த நயா பைசா வந்தபோது ஓர் அணாவுக்கு 6.25 நயா பைசா என்று முடிவான தொகை கிடைத்தது. அணாவைப் பன்னிரண்டாகப் பிரித்த சிறு காசுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. ரூபாயில் 192-இல் ஒன்று அது, 192-க்குள் ஒரு மூன்று ஒளிந்திருக்கிறது.

கொஞ்ச தூரம் ஓடிவிட்டுச் சுழல்பவை

பகுதியில் 2, 5-உடன் வேறொரு காரணியும் சேர்ந்திருந்தால் முதலில் சில இலக்கங்கள் சுழலாமல் வரும், அப்புறம் சுழற்சி தொடங்கும். 1/6 = 0.1(6). 7/12 = 0.58(3). சுழலாத இலக்கங்களின் எண்ணிக்கைக்கும் பழைய விதியே: 2-உம் 5-உம் எத்தனை தடவை, அதில் பெரியது. 12-இல் இரண்டு இரண்டு இருக்கிறது, ஆக 5, 8 என்று இரண்டு இலக்கம் தாண்டித்தான் 3 தொடங்குகிறது.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் புழை (ஆறு) தண்ணீரை வைத்தே ஒன்று போடலாம். 1970-இல் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி). 7.25 என்றால் 29/4, முடிவுறு தசமம். இதைப் பன்னிரண்டு மாதத்துக்குச் சமமாகப் பிரித்தால் மாதத்துக்கு எவ்வளவு? (தண்ணீர் அப்படிச் சமமாக வருவதில்லை என்பது இங்கே எல்லா விவசாயிக்கும் தெரியும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.) 29/4-ஐ 12-ஆல் வகுக்க 29/48. 48 = 2 × 2 × 2 × 2 × 3. நான்கு இரண்டு, ஒரு மூன்று. வகுக்கும் முன்பே சொல்லலாம்: நான்கு இலக்கம் சுழலாது, பிறகு சுழலும். வகுத்துப் பாருங்கள், 0.6041(6).

கால்குலேட்டரை நம்பி எழுதாதீர்கள்

எட்டு இலக்கம் காட்டும் கடைக் கால்குலேட்டரில் 1 ÷ 17 போட்டால் 0.0588235 என்று காட்டும். சுழல்வதற்கான அறிகுறியே இராது. உண்மையில் 1/17 = 0.(0588235294117647), பதினாறு இலக்கம் கழித்துத்தான் சுற்று முடிகிறது. கருவிக்கு அவ்வளவு இடம் இல்லை. எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். 1 ÷ 1024-க்கு 0.0009765 என்று வெட்டிக் காட்டும்போது அது முடிகிறதா இல்லையா என்று தெரியாது. 1024 முழுக்க இரண்டுகளால் ஆனது, பத்து இருக்கின்றன, அதனால் பத்து இலக்கத்தில் 0.0009765625 என்று முடிந்தே தீரும்.

சில கருவிகளில் 1 ÷ 3 × 3 அழுத்தினால் 0.9999999 வரும். கருவி பழுது என்று நினைத்துவிடாதீர்கள், வெட்டி வைத்ததைப் பெருக்கினால் அப்படித்தான் வரும். கடைசி விடை கிடைக்கும் வரை பின்னமாகவே வைத்திருங்கள், தசமமாக மாற்றுவதைக் கடைசியில் ஒரே தடவை செய்யுங்கள். பணம் பிரிக்கும்போதும் அதே கதை: 100 ரூபாயை மூன்று பேருக்கு 33.33, 33.33, 33.34 என்று பிரித்து, அந்த ஒரு பைசாவை யார் கணக்கில் வைப்பது என்று முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

தசமத்திலிருந்து பின்னத்துக்குத் திரும்பி வர

முடிவுறு தசமம் என்றால் சிரமமே இல்லை. 0.375-ஐ 375/1000 என்று எழுதிச் சுருக்கினால் 3/8.

சுழல் தசமத்துக்கு உத்தி என்னவென்றால், சுழலும் வாலை வாலாலேயே கழித்துவிடுவது. x = 0.454545… என்று வையுங்கள். சுழல்வது இரண்டு இலக்கம், அதனால் 100-ஆல் பெருக்குங்கள்: 100x = 45.454545… 100x-இலிருந்து x-ஐக் கழித்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் போய்விடும். 99x = 45. x = 45/99, சுருக்க 5/11.

முன்னால் சுழலாத இலக்கம் இருந்தால் முதலில் அதைப் புள்ளிக்கு இடப்பக்கம் தள்ள வேண்டும். x = 0.58333… எனில் 100x = 58.333…, 1000x = 583.333… கழிக்க 900x = 525. x = 525/900 = 7/12. இங்கே பலர் 1000x-இலிருந்து x-ஐக் கழித்துவிட்டு, வால் முழுக்கப் போகவில்லையே என்று முழிப்பார்கள். கழிக்கும் இரண்டு வரிகளுக்கும் வால் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதே உத்தியை 0.(9)-க்குப் போடுங்கள். 10x = 9.(9), கழிக்க 9x = 9, x = 1. பிள்ளைகள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ‘கொஞ்சம் குறையுதுங்க சார்’ என்பார்கள். எவ்வளவு குறைகிறது என்று ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாது. 0.(9) என்பதும் 1 என்பதும் ஒரே எண்ணின் இரண்டு எழுத்து வடிவம்.

இரண்டிலும் சேராதது

முடியவும் மாட்டாமல் சுழலவும் மாட்டாமல் போகிற தசமங்கள் உண்டு. 0.1010010001… என்று சுழிகளைக் கூட்டிக்கொண்டே போனால் எந்தத் துண்டும் அப்படியே திரும்பாது. √2 அப்படிப்பட்டது. π-யும் அப்படித்தான். இவை பின்னத்திலிருந்து வந்திருக்க முடியாது. பின்னமாக இருந்தால் மீதி எங்காவது திரும்பியிருக்க வேண்டுமே.

குழப்பம் வருவது 22/7-ஆல். அது 3.(142857), சுழல் தசமம். π = 3.14159265… இரண்டும் இரண்டாவது இலக்கத்தோடு பிரிந்துவிடுகின்றன. கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று 22/7-ஐப் பயன்படுத்துகிறோம், அதற்காக π சுழல்கிறது என்று எழுதினால் தவறு.

இதற்கு நல்ல உதாரணம் கேரளத்திலேயே இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் கணித அறிஞர் சங்கமகிராம மாதவர், விட்டம் 9-க்குப் பின் பதினொரு சுழி உள்ள வட்டத்துக்குச் சுற்றளவு 28,27,43,33,88,233 என்று சொன்னார். வகுத்தால் 3.14159265359 வரை π-யோடு ஒத்துப்போகும். ஆனால் அதுவும் ஒரு பின்னம்தானே. பகுதியில் 2-உம் 5-உம் பதினொரு தடவை, கூடவே ஓர் 9. மேலே இருக்கும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 56, மூன்றாலும் வகுபடாது, அதனால் அந்த 9 அடிபடாது. பதினொரு இலக்கம் கழித்துச் சுழல வேண்டும் என்று விதி சொல்கிறது. வகுத்தால் 3.14159265359(2), அப்புறம் வெறும் இரண்டுகள். π அந்த இடத்தில் வேறு வழி போய்விடும். திரூருக்குப் பக்கத்தில் திருக்கண்டியூரில் வாழ்ந்த கணித அறிஞர் நீலகண்ட சோமயாஜி, ஆரியபட்டரின் ஆரியபடீயம் என்ற நூலுக்கு எழுதிய உரையில் இதை மீதியை வைத்தே சொன்னார்: விட்டத்தை மீதியில்லாமல் அளக்கிற அளவுகோலால் சுற்றளவை அளந்தால் மீதி வரும், அளவுகோலைச் சிறிதாக்கினால் மீதி குறையும், ஒழியாது. π-யைப் பின்னமாக எழுதவே முடியாது என்பதை 1761-இல் ஐரோப்பியக் கணித அறிஞர் லாம்பெர்ட் நிரூபித்தார்.

போட்டுப் பார்க்க நான்கு: 13/125, 18/45, 5/22, 11/96. முதலில் சுருக்குங்கள், பகுதியை உடையுங்கள், முடியுமா சுழலுமா, எத்தனை இலக்கம் என்று எழுதி வைத்துவிட்டு, அப்புறம் வகுங்கள். விடைகள் 0.104, 0.4, 0.2(27), 0.11458(3). இரண்டாவதில் 45-ஐப் பார்த்துச் சுழலும் என்று எழுதியிருந்தால் சுருக்க மறந்திருக்கிறீர்கள். நான்காவதில் 96-க்குள் ஐந்து இரண்டுகள், அதனால்தான் ஐந்து இலக்கம் தாண்டி 3 தொடங்குகிறது.